கால் பங்குக் கல்வி

கல்லூரி வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். நாற்பது மாணாக்கர் அமர்ந்திருக்கின்றனர். இருவரோ மூவரோ விடை சொல்கின்றனர். ஏனையோர் குறிப்பேட்டை நோக்கித் தலை குனிகின்றனர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கல்லூரி ஆசிரியர்க்குப் பழகிப்போன காட்சி இது. இதற்குக் காரணம் சொல்ல வருவோர் பெரும்பாலும் பண்பாட்டின் மேல் பழியை ஏற்றுகின்றனர். ஆசிய மாணாக்கர் அடக்கமாக வளர்க்கப்பட்டவர். அவருள்ளும் தமிழ் மாணாக்கர் ஆசிரியரைத் தெய்வத்துக்கு அடுத்த படியில் வைத்து வணங்கக் கற்றவர். ஆதலின் அவர் வாய் திறவார் என்பது அவர்தம் வாதம். நம்மவருள்ளும் சிலர் இவ்வாதத்தை ஏற்று, அதற்குச் சான்றாக நன்னூலை நீட்டுகின்றனர். மாணாக்கன் ஓவியப் பாவைபோல் அடங்கியிருந்து கேட்க வேண்டும் என்று பவணந்தி முனிவரே விதித்துவிட்டாரன்றோ என்கின்றனர்.

இக்கூற்றை ஆராயாமல் விடுதல் தகாது. இது மெய்யாயின், பேச விரும்பும் தமிழ் மாணாக்கன் முதலில் தன் மரபைக் கழற்றி வைக்க வேண்டும். இது பொய்யாயின், மரபின் மேல் வீண்பழி சுமத்துகிறோம். அத்துடன், மௌனத்தின் உண்மைக் காரணத்தையும் மறைத்து விடுகிறோம். எனவே நன்னூலின் பொதுப்பாயிரத்தையே எடுத்து வைத்துக்கொண்டு நோக்குவோம்.

ஓவியமும் ஓலையும்

நன்னூல் கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி இயற்றிய இலக்கண நூல். எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கூறப் புகுமுன், நூல், ஆசிரியன், கற்பிக்கும் முறை, மாணாக்கன், கற்கும் முறை ஆகியவற்றை அதன் பாயிரம் வகுத்துரைக்கிறது. தமிழில் கல்வி நெறியை இத்துணைச் சுருக்கமாகவும் முறையாகவும் கூறும் பகுதி வேறொன்று காண்பது அரிது.

பாடங் கேட்கும் முறையைக் கூறும் நூற்பாவில் அடக்கம் வற்புறுத்தப்படுகிறது என்பது உண்மையே. உரிய காலத்தில் செல்லுதல், ஆசிரியன் குறிப்பறிந்து நடத்தல், இருவென்றபின் இருத்தல், சொல்லென்றபின் சொல்லுதல், ஓவியப் பாவைபோல் அடங்கியிருத்தல் ஆகியவை அங்கே கூறப்படுகின்றன. ஆனால் அதே நூற்பாவில், நீர் வேட்கை கொண்டவன் பருகுவதுபோல் ஆர்வத்தோடு கேட்க வேண்டும் என்றும், செவி வாயாகவும் நெஞ்சு கொள்கலமாகவும் அமைய வேண்டும் என்றும் வருகின்றது. அசையாதிருப்பது உடல், உள்ளமோ பசித்து உண்கின்றது.

அக்கால நிலையையும் எண்ண வேண்டும். நூல் ஓலைச்சுவடியில் இருந்தது. சுவடியோ ஆசிரியர் கையில் இருந்தது. மாணாக்கன் செவியில் ஏற்றுக்கொண்டதே அவன் நூல். ஒரு சொல் தவறிக் கேட்டால் பாடமே திரியும். ஆகவே முதற்கண் பிழையின்றிக் கேட்டுக் கொள்ளுதல் இன்றியமையாததாயிற்று. ஒருமுறைக்கு இருமுறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்கு உரைக்கலாம் என்று நன்னூல் அடுத்துக் கூறுவதும் இக்கருத்துப் பற்றியே. அச்சிட்ட நூலும் கைப்பேசியும் மாணாக்கன் கையில் உள்ள இந்நாளில் அந்த அடக்கத்துக்குரிய காரணத்தில் பெரும்பகுதி நீங்கிவிட்டது. காரணம் போனபின் விதியை மட்டும் பற்றிக்கொண்டிருத்தல் மரபைப் போற்றுவதாகாது.

நான்கு கால்கள்

ஓவியப் பாவையை எடுத்துக் காட்டுவோர் அதற்கு அடுத்த நூற்பாக்களைப் பெரும்பாலும் படிப்பதில்லை. கேட்கும் முறையைக் கூறிய பவணந்தியார் உடனே பயிலும் முறைக்குச் செல்கிறார். அங்கே ஏழு செயல்கள் கூறப்படுகின்றன. உலக வழக்கும் செய்யுள் வழக்கும் அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை மீண்டும் நினைத்தல், ஆசிரியனை அடுத்துக் கேட்டுத் தெளிதல், தக்க மாணாக்கரோடு கூடிப் பயிலுதல், வினாவுதல், பிறர் வினாவியவற்றுக்கு விடையளித்தல் என்பன அவை. இவ்வேழனையும் கடமையாகக் கொண்டாலன்றி அறியாமை நீங்காது என்பது முனிவர் முடிபு. ஏழனுள் இறுதி மூன்றும் வாய் திறவாமல் செய்யக்கூடியவை அல்ல.

அதன்பின் வருவதுதான் வியக்கத்தக்க கணக்கு. ஆசிரியன் சொன்னதை முழுதும் நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையில் கால் பங்கே என்கிறது நன்னூல். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு கிடைக்கிறது. எஞ்சிய அரைப் பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால்தான் நிரம்புகிறது.

இக்கணக்கைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கூறுபவர் ஆசிரியர், அதுவும் ஆசிரியரை வணங்குக என்று விதித்த ஆசிரியர். அவரே, 'எம் வாயிலிருந்து வருவது உனக்குக் கால் பங்குதான்' என்று ஒப்புக்கொள்கிறார். விரிவுரை மண்டபத்தில் பாடத்தை வாசித்துவிட்டுப் போகும் பேராசிரியர் எவரும் தம் தொழிலை இவ்வளவு தாழ மதிப்பிடத் துணியார். நன்னூலின்படி நோக்கினால், இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்து குறிப்பெழுதிக்கொண்டு வெளியேறும் மாணாக்கன் மரபைக் காத்தவனல்லன். முக்கால் பங்குக் கல்வியை இழந்தவன்.

வள்ளுவர் காட்டும் நெறியும் இதற்கு மாறன்று. கேள்வி என்று ஓர் அதிகாரம் வகுத்துக் கேட்டறிதலின் சிறப்பைக் கூறியவர், சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களைச் சொல்லுதலின் பொருட்டு வகுத்தார். கற்றும் அவைக்கு அஞ்சுபவனைக் கல்லாதவனினும் கீழாக வைத்தார். தமிழில் 'கேள்' என்னும் சொல்லே செவியால் ஏற்பதையும் வாயால் வினாவுவதையும் ஒருங்கே குறிக்கின்றது. மணிமேகலையில் காப்பியத் தலைவி வஞ்சி நகரில் சமயவாதியரை ஒருவர்பின் ஒருவராக அணுகி, அவரவர் கொள்கையைக் கேட்டு ஆராய்கிறாள். வாய் திறவாமையே தமிழ்ப் பண்பு என்பார் இத்தனை நூல்களுக்கும் விடை கூற வேண்டும்.

எவ்வகை வினா?

இனி, பேச்சு வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. எத்தகைய பேச்சு என்று காண வேண்டும். இதற்கும் நன்னூலே அளவுகோல் தருகிறது. சொல்லதிகாரத்தில் வினா ஆறு வகையாகப் பகுக்கப்படுகிறது. தான் அறிந்ததையே பிறன் அறிவானா என்று சோதிக்கக் கேட்பது அறிவினா. அறியாமல் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று ஐயுற்றுக் கேட்பது ஐயவினா. கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன மற்றவை.

நம் கல்லூரி வகுப்புகளில் ஆசிரியர் கேட்கும் வினாக்களைத் தரம் பிரித்துப் பார்த்தால், பெரும்பகுதி அறிவினாவாகவே இருக்கும். 'இச்சட்டம் எந்த ஆண்டு வந்தது?', 'இந்நூலின் ஆசிரியர் யார்?' என்பவற்றுக்கு ஆசிரியரிடம் விடை முன்னமே இருக்கிறது. மாணாக்கன் வாய் திறந்தால் இரண்டே முடிவு: சரி, அல்லது தவறு. தவறினால் நாற்பது பேர் முன்னிலையில் தலைகுனிவு. இத்தகைய வினாவுக்கு விடையிறுப்பதைக் கலந்துரையாடல் என்று அழைப்பது பொருந்தாது. அது வாய்மொழித் தேர்வு. மாணாக்கர் வாய் மூடியிருப்பது அவ்விடத்தில் கூச்சமன்று, கணக்குத் தெரிந்த எச்சரிக்கை.

கலந்துரையாடல் ஐயவினாவில் பிறக்கிறது. கண்ணகி வழக்கில் பாண்டியன் தவறு ஆராயாமையா, அவசரமா, பொற்கொல்லனை நம்பியதா என்று ஓர் ஆசிரியர் கேட்டால், அவரிடமே முடிந்த முடிபு இல்லை. மாணாக்கன் எதைச் சொன்னாலும் காரணம் காட்ட வேண்டும், பிறன் மறுக்கலாம். நன்னூல் விடையையும் எட்டாகப் பகுத்து, வினாவுக்கு எதிர்வினா எழுப்புவதையும் ஒரு விடையாகவே ஏற்றுக்கொண்டது. ஆசிரியர் கேள்விக்கு மாணாக்கர் ஒரு கேள்வியால் விடையளிப்பதை எத்தனை வகுப்பறைகள் இன்று விடையாக ஏற்கின்றன?

பிறநாட்டு ஆராய்ச்சி

மௌனம் ஆசியரின் இயல்பு என்னும் கூற்றை அமெரிக்க ஆராய்ச்சிகளே தகர்க்கின்றன. டேவிட் கார்ப், வில்லியம் யோல்ஸ் என்னும் சமூகவியலார் இருவர் அமெரிக்கக் கல்லூரி வகுப்புகளை நேரில் கவனித்து 1976இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு சில மாணாக்கரே பேச்சின் பெரும்பகுதியை நிகழ்த்துகின்றனர் என்றும், பேசும் பொறுப்பு அச்சிலரின் தோள்களில் விழுந்தபின் ஏனையோர் கவனிப்பவர்போல் தோன்றிக்கொண்டு அமைதியாக இருந்து விடுகின்றனர் என்றும் அவர்கள் கண்டனர். அங்கே நன்னூல் இல்லை, குருபக்தி இல்லை. ஆயினும் நம் வகுப்பறைக் காட்சியே அங்கும் இருந்தது. எனவே நோய் வகுப்பறையின் அமைப்பில் இருக்கிறதேயன்றி, மாணாக்கன் பிறப்பில் இல்லை.

மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அம்மையார் பள்ளி அறிவியல் வகுப்புகளில் ஆராய்ந்து, 1970களில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியர் வினாவை விடுத்தபின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு வினாடியே என்று அவர் கண்டார். அதனை மூன்று வினாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. தாமாக முன்வந்து பேசுவோர் பெருகினர். மாணாக்கர் எழுப்பிய வினாக்களும் மிகுந்தன. இதைப் படிக்கும்போது நன்னூல் கற்பிக்கும் முறைக்கு வகுத்த இலக்கணம் நினைவுக்கு வருகிறது. ஆசிரியன் விரையாதவனாய், வெகுளாதவனாய், முகமலர்ந்து, கொள்வோன் கொள்ளும் வகையறிந்து கற்பிக்க வேண்டும் என்கிறார் பவணந்தியார். மாணாக்கனுக்கு வகுத்த அடக்கத்தை மேற்கோள் காட்டுவோர், ஆசிரியனுக்கு வகுத்த இந்தப் பொறுமையை ஏன் மறந்தனர்?

மூன்றாவது சான்று ஹார்வர்டு பல்கலைக் கழகத்தினது. அங்கு இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் சிறந்த விரிவுரையாளர் எனப் பெயர் பெற்றவர். ஒரு நாள் அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் தேர்வு ஒன்றை வைத்தார். நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நான் உண்மையில் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி கேட்டார். அக்கேள்வி அவரை உலுக்கியது. 1991 முதல் அவர் முறையை மாற்றினார். வினாவைப் போடுவார், ஒவ்வொருவரும் தனியே எண்ணி விடையைக் குறிப்பர், பின் அருகிலிருப்பவரோடு வாதிடுவர், மறுபடியும் விடையைக் குறிப்பர். உடன் பயில்வாரோடு பழகுதலும், தான் கொண்டதைப் பிறனுக்கு உரைத்தலும் அம்முறையின் உயிர். இன்று பல நாடுகளில் புதுமை என்று போற்றப்படும் இம்முறையின் சாரம், நன்னூல் கூறிய இரண்டாம் காலும் மூன்றாம் நான்காம் கால்களுமேயாம். மசூர் நன்னூலைக் கற்றவரல்லர். உண்மை இருவர்க்கும் பொதுவாக இருந்தது, அவ்வளவே.

பேச்சுக்கு மதிப்பெண்

மௌனத்தைப் போக்க இந்நாளில் கையாளப்படும் மருந்து மதிப்பெண். 1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவரான லாங்டெல், விரிவுரையை விடுத்து, வழக்குகளை முன்வைத்து மாணாக்கரை வினாவும் முறையைப் புகுத்தினார். அதனைப் பின்பற்றிய ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் பல பாடங்களுக்கு வகுப்பில் பேசுவதற்கே பாதியளவு மதிப்பெண் உண்டு. 2000இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக் கழகமும் சிறு வகுப்பு, கலந்துரையாடல், பங்கேற்புக்கு மதிப்பெண் என்னும் வழியிலேயே அமைந்தது. இதனால் நன்மையில்லை என்று சொல்வதற்கில்லை. பேச வேண்டும் என்று அறிந்து வருபவன் படித்துவிட்டு வருகிறான். பேசிப் பேசி அவையச்சம் தெளிகிறான்.

ஆயினும் இம்மருந்தில் ஒரு பக்கவிளைவு உண்டு. நன்னூல் மாணாக்கரை எட்டு உவமைகளால் தரம் பிரிக்கிறது. நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும் அன்னமும், வேண்டுமளவு மேய்ந்தபின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர். உழைத்த அளவே விளைவு தரும் மண்ணும், சொல்லிக் கொடுத்ததையே சொல்லும் கிளியும் இடைமாணாக்கர். ஓட்டைக் குடமும், ஒரு செடியில் நில்லாமல் தாவித் தாவி மேயும் ஆடும், குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமையும், நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரியும் கடைமாணாக்கர்.

இவ்வெண்மரும் ஒரு வகுப்பில் இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வாய் திறந்த முறையை எண்ணி மதிப்பெண் இட்டால் வெற்றி யாருக்கு? கிளிக்கும் ஆட்டுக்கும் எருமைக்குமே. படித்த பக்கத்தை ஒப்பிக்கும் கிளி உடனே கை தூக்குகிறது. பொருளை விட்டுப் பொருள் தாவும் ஆடு அடிக்கடி பேசுகிறது. எருமை வாதத்தைக் கலக்குகிறது. பசுவோ பின்வரிசையில் அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. அதன் மதிப்பெண் சுழி. தலைமாணாக்கனைக் கடைசியில் நிறுத்தும் அளவுகோல் நேரிய அளவுகோலாகாது. பேசியது எத்தனை முறை என்பதை விடுத்து, அப்பேச்சால் வகுப்பில் எந்த ஐயம் தெளிந்தது, எந்த ஐயம் புதிதாகப் பிறந்தது என்று நோக்க வேண்டும். அசைபோடுபவனுக்கும் அசைபோட்டு முடித்தபின் பேச ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.

நன்னூலின் குறைகள்

இத்துணைக் கூறியதால் பாயிரம் குறையற்றது என்று கொள்ள வேண்டா. நல்லாசிரியன் இலக்கணத்தில் அது முதலில் வைப்பது குலம். கற்பிக்கத் தக்கவர் வரிசையில் தன் மகன், ஆசிரியன் மகன், மன்னன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன் ஆகியோர் முன்வருகின்றனர். வழிபடுபவனும், சொன்னதைக் கொள்ளும் ஆற்றலுடையவனும் அவர்க்குப் பின்னரே வருகின்றனர். தோட்டத்து உழைப்பாளி மகளும் துறைமுகத் தொழிலாளி மகனும் பல்கலைக் கழகம் புகும் நாட்டில் இவ்வரிசை நமக்கு உதவாது, உதவவும் கூடாது.

மற்றொரு குறை, வினாவும் விடையும் உடன் பயில்வாரிடையே விரிந்த அளவுக்கு ஆசிரியனை நோக்கி விரியவில்லை என்பது. ஆசிரியன் கூற்றை மாணாக்கன் மறுக்க நேர்ந்தால் என் செய்வது என்பதற்குப் பாயிரம் வழி வகுக்கவில்லை. பிணக்கனைக் கற்பிக்கத் தகாதவன் என்று விலக்குகிறது. பிணக்குக்கும் மறுப்புக்கும் வேறுபாடு உண்டு. பிணக்கன் வெல்லப் பேசுகிறான். மறுப்பவன் தெளியப் பேசுகிறான். அவ்வேறுபாட்டை நாம்தான் வரைந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒன்று கருதத்தக்கது: அதே பட்டியலில், பழைய நூலுக்கு அஞ்சித் தடுமாறும் உள்ளத்தவனையும் பவணந்தியார் சேர்த்திருக்கிறார். நூலைக் கண்டு அஞ்சுதல் அவர்க்கும் உடன்பாடன்று.

மொழி என்னும் தடை

அங்ஙனமாயின், நம் மாணாக்கர் மௌனத்துக்கு மரபு காரணமன்று எனில், வேறு எது காரணம்? மேலே கூறிய அறிவினாவும் அவசரமும் உலகப் பொதுக் காரணங்கள். இந்நாடுகளுக்கே உரிய காரணம் மொழி.

மலேசியாவில் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழிக்கு மாறுகிறது. பல்கலைக் கழகத்தில் பல துறைகளில் ஆங்கில நூல்களும் ஆங்கில விரிவுரைகளும் காத்திருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் அப்பிள்ளைக்குக் கருத்து முன்னே ஓட, சொல் பின்னே வருகிறது. சிங்கப்பூரில் நிலைமை தலைகீழ். அங்கே பாடமொழி ஆங்கிலம். தமிழ் ஒரு பாடம். ஆங்கில வகுப்பில் தடையின்றி வாதிடும் மாணாக்கர் பலர், தமிழிலக்கிய வகுப்புக்கு வந்ததும் ஊமையாகின்றனர். வீட்டுத் தமிழில் பேசினால் நகைப்பரோ என்னும் அச்சமும், எழுத்துத் தமிழில் பேச வாராமையும் அவர் நாவைக் கட்டுகின்றன. ஒரே மாணாக்கர் ஒரு வகுப்பில் பேசி மறு வகுப்பில் மௌனமாவாராயின், மௌனம் அவர் இயல்பு என்று எங்ஙனம் கூறுவது?

இத்தடை தானே நீங்காது. தமிழ் கற்பிக்கும் வகுப்புகளே இதற்கு முதலில் வழிகாட்ட வேண்டும். மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை 1956இல் தொடங்கியது. அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழவேள் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு எளிய மக்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தனர். பின்னர் அத்துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயக அடிகள், பண்டைத் தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து லண்டன் பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அத்தகைய வழியில் வந்த தமிழ்க் கல்வி, உரையைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் கல்வியாகக் குறுகுமாயின், கொடுத்த மக்களுக்கு நாம் கால் பங்கையே திருப்பிக் கொடுத்தவராவோம்.

செய்யத்தக்கவை

செய்ய வேண்டுவன பெருஞ்செலவு வேண்டுவனவல்ல. ஆசிரியர் ஒரு பாடவேளைக்கு ஓர் ஐயவினாவாவது கொண்டுவரட்டும். வினாவியபின் மனத்துக்குள் மூன்று எண்ணும் வரை வாய் மூடியிருக்கட்டும். மௌனத்தைப் பொறுக்க வேண்டியவர் முதலில் ஆசிரியரே. முழு அவையில் பேசுமுன் இருவர் இருவராகப் பேச விடட்டும். நாற்பது பேர்முன் கூசுபவன் ஒருவன்முன் கூசான். அப்பேச்சில் வீட்டுத் தமிழ் வந்தாலும், ஆங்கிலமோ மலாயோ கலந்தாலும் தடுக்க வேண்டா. கருத்து உருப்பெற்றபின் அதனை அவைக்குரிய மொழியில் எடுத்துரைக்கக் கேட்கலாம். வாரம் ஒருமுறை மாணாக்கர் ஒருவர் ஒரு பகுதியைத் தாமே கற்பித்து, வரும் வினாக்களுக்கு விடையளிக்கட்டும். எஞ்சிய அரைப் பங்கு அங்கேதான் இருக்கிறது. மதிப்பெண் கொடுத்தேயாக வேண்டுமாயின், வகுப்பு முடிந்தபின் மாணாக்கர் எழுதித் தரும் ஒரு வினாவையும் பங்கேற்பாகக் கணக்கிடட்டும். அசைபோடும் பசுவுக்கு அது நீதி செய்யும்.

மாணாக்கர்க்கும் ஒரு சொல். ஆசிரியர் வழி செய்யும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. மூவர் கூடினால் இரண்டாம் கால் தொடங்கிவிடும். கற்றதைத் தம்பிக்கோ தங்கைக்கோ விளங்கச் சொன்னால் மூன்றாம் காலும் தொடங்கிவிடும். மரபு நம் வாயைக் கட்டியது என்று யாரேனும் சொன்னால், பாயிரத்தை இறுதிவரை படித்தீரா என்று பணிவோடு கேளுங்கள். அது நல்லதோர் ஐயவினா.